பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: பயத்தோடு படியேறும் முறை

கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கையைத் தூக்கலாம் என்று நினைத்ததுமே நெஞ்சு படபடக்கிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "சரி, முடிந்ததும் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறீர்கள். விட்ட அந்த நொடியில் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவும். பயத்துக்குத் தீனி போட்டு வளர்ப்பது அந்த நிம்மதிதான்.

மூளை போடும் கணக்கு எளிமையானது. "கை தூக்கவில்லை, அதனால் தப்பித்தோம்." தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் கை தூக்குவது இன்னும் கொஞ்சம் கடினமாகிறது. அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் 1947இல் இதை இரண்டு கட்டமாகப் பிரித்து விளக்கினார். பயம் வந்து ஒட்டிக்கொள்வது ஒரு வழியில், போகாமல் தங்குவது வேறொரு வழியில். ஒட்டிக்கொண்டதற்குப் பழைய சம்பவம் ஏதாவது காரணமாக இருக்கலாம். தங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைக்கும் நிம்மதி. ஆகவே சின்ன வயதில் என்ன நடந்தது என்று மாதக்கணக்கில் தோண்டிக்கொண்டிருக்க அவசியமில்லை. வேர் தெரியாமலேயே பயத்தைக் குறைக்க முடியும்.

"முதலில் பயம் போகட்டும், அப்புறம் செய்கிறேன்" என்ற வரிசை தலைகீழானது என்பதும் இதிலிருந்தே புரியும். செய்யும்போதுதான் குறையும். ஆனால் எப்படிச் செய்வது என்பதில் நிறைய நுணுக்கம் இருக்கிறது. "பல முறை முயன்றேன், எனக்குச் சரிப்படவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நுணுக்கங்களில் ஒன்றிரண்டைத் தவறவிட்டவர்கள்தான்.

எந்தப் பயத்தில் கை வைப்பது

எல்லாப் பயத்தையும் ஒழிக்க வேண்டியதில்லை. வேகமாக வரும் வண்டியைப் பார்த்துப் பின்வாங்குவது உங்களைக் காப்பாற்றும் பயம். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பயம் மட்டும் இல்லையென்றால் வரும் மூன்று மாதத்தில் நான் என்ன செய்திருப்பேன்? வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பேன், வண்டி ஓட்டக் கற்றிருப்பேன், தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருப்பேன் என்று பளிச்சென்று பதில் வந்தால் அதுதான் கை வைக்க வேண்டிய பயம். பதிலே வரவில்லையென்றால் அந்தப் பயம் உங்களை எதிலும் தடுக்கவில்லை. பாம்பைக் கண்டால் நடுங்குகிறீர்கள், பாம்பு இல்லாத இடத்தில் வாழ்கிறீர்கள் என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றைச் சேர்த்து எடுத்தால் எதையும் வாரத்துக்கு நான்கு முறை செய்ய நேரம் இருக்காது. இந்த முறையில் நான்கு முறை என்பது முக்கியம்.

சில சூழ்நிலைகளில் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவர் உங்களை அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் அந்தப் பயம் உண்மையான ஆபத்தைச் சொல்கிறது. அங்கே தேவை பாதுகாப்பு, பயிற்சியல்ல. விபத்து, வன்முறை போன்றவை திரும்பத் திரும்பக் கண்முன் வந்து நிற்கின்றன என்றாலும், கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்றவற்றில் தினமும் மணிக்கணக்கு போகிறது என்றாலும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றாலும் மனநல மருத்துவரையோ சிகிச்சை உளவியலாளரையோ பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால் இன்றே பாருங்கள்.

ஒரு வாரம் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு எடுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், கவனித்து எழுதினால் போதும். பயம் தலைதூக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம்: எங்கே என்ன சூழ்நிலை, என்ன ஆகிவிடும் என்று தோன்றியது, நான் என்ன செய்தேன், 0 முதல் 100 வரை பயத்தின் அளவு எவ்வளவு. 0 என்றால் அசந்து படுத்திருக்கும் அமைதி, 100 என்றால் வாழ்க்கையில் இதுவரை உணர்ந்த உச்சம். மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி 1960களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவுகோல் இது. 45ஆ 50ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், மனதில் முதலில் வரும் எண்ணை எழுதுங்கள்.

இரண்டாவது விஷயத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். "அசிங்கமாகிவிடும்", "என்னால் முடியாது" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க வழியில்லை. கேமரா வைத்திருந்தால் அதில் என்ன பதிவாகும் என்று கேட்டு எழுதுங்கள். "குரல் நடுங்கும். நடுவில் நிறுத்திவிடுவேன். குறைந்தது இரண்டு பேர் சிரிப்பார்கள். மேலாளர் முகம் சுளிப்பார்." இவை நடந்தனவா இல்லையா என்று பிறகு பார்த்துச் சொல்ல முடியும்.

அடியில் என்ன பயம் இருக்கிறது என்பது உடனே தெரியாது. "அப்புறம் என்ன ஆகும்?" என்று மூன்று நான்கு முறை உங்களையே கேளுங்கள். குரல் நடுங்கும். அப்புறம்? எல்லோரும் கவனிப்பார்கள். அப்புறம்? எனக்கு வேலை தெரியாது என்று நினைப்பார்கள். அப்புறம்? அடுத்த நல்ல பொறுப்பை எனக்குத் தரமாட்டார்கள். பேசுவதே பயம் என்று நினைத்திருப்பீர்கள். தோண்டினால் "தகுதியில்லாதவன் என்று தெரிந்துவிடும்" என்பதில் வந்து நிற்கும். இது தெரிந்தால்தான் சரியான பயிற்சியைத் தேர்ந்தெடுக்க முடியும். குரல் நடுங்காமல் பேசிப் பழகுவதைவிட, குரல் நடுங்கியும் யாரும் உங்களைத் தகுதியற்றவராக நடத்தவில்லை என்று கண்ணால் பார்ப்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

ஏணி போடுவது

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனோடு வேலை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் அடைத்த முயலை அறையின் தொலைவான இடத்தில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், கூண்டைத் திறந்தார்கள். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான், விரலைக் கடிக்கவும் விட்டான். நூறு வருடத்துக்குப் பிறகும் அடிப்படை அதுதான்: தூரத்தைக் கூட்டிக் குறைப்பது.

உங்கள் பயத்திலும் அப்படிக் கூட்டிக் குறைக்கக்கூடிய திருகுகள் இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில், தெரிந்தவரா அந்நியரா, முன்தயாரிப்பு உண்டா இல்லையா, துணைக்கு ஆள் இருக்கிறாரா, தப்பிக்க வழி எவ்வளவு சுலபம். இவற்றைத் திருகினால் ஒரு பயத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு படிகள் கிடைக்கும். கூட்டத்தில் பேசப் பயப்படும் ஒருவரின் ஏணி இப்படி இருக்கலாம் (இறுதியில் இருப்பது பயத்தின் அளவு):

1. கூட்டம் தொடங்குவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் வேலை பற்றி இரண்டு வாக்கியம் பேசுவது: 20
2. இணையவழிக் கூட்டத்தில் முழு நேரமும் கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்வது: 30
3. மூன்று பேர் கூட்டத்தில், எழுதிவைத்த ஒரு கேள்வியைக் கேட்பது: 40
4. அதே மூன்று பேரிடம் எழுதிவைக்காமல் கேட்பது: 45
5. எட்டுப் பத்துப் பேர் கூட்டத்தில் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்பது: 55
6. அதே கூட்டத்தில் சொந்தக் கருத்து ஒன்றைச் சொல்வது: 60
7. மேலதிகாரி இருக்கும்போது சொல்வது: 70
8. வேறொருவர் சொன்னதை மரியாதையாக மறுத்துப் பேசுவது: 75
9. எழுந்து நின்று ஐந்து நிமிடம் வேலை நிலவரம் சொல்வது: 80
10. பதினைந்து நிமிடம் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்வது: 90
11. பேச்சுக்கு நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, "சொல்ல வந்தது மறந்துவிட்டது, ஒரு நிமிடம்" என்று சொல்லி ஐந்து நொடி மௌனமாக நிற்பது: 95

பதினோராவது படி தேவைதானா என்று தோன்றலாம். ஏணியிலேயே மதிப்புமிக்க படி அதுதான். நடந்துவிடுமோ என்று பயப்படும் ஒன்றை நீங்களே நடத்திப் பார்த்துவிட்டால், அதை வைத்து மூளை உங்களை மிரட்டுவது வெகுவாகக் குறையும்.

இரண்டு படிகளுக்கு நடுவில் 15 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் இடையில் ஒரு படி சேருங்கள். முதல் படி 20க்கும் 40க்கும் இடையில் இருக்கட்டும். பயமே வராத படியில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில் 80க்குத் தாவினால் பாதியிலேயே ஓடிவர நேரலாம், அப்படி ஓடிவருவது பயத்தை இன்னும் கெட்டிப்படுத்தும். இன்னொன்று: படி உங்கள் கையில் இருக்கும் செயலாக இருக்க வேண்டும். "நன்றாகப் பேசுவது" படியல்ல, "ஐந்து நிமிடம் பேசுவது" படி.

ஊன்றுகோல்களைக் கண்டுபிடியுங்கள்

படியேறியும் பயம் குறையாதவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பயமான இடத்துக்குப் போகிறார்கள், ஆனால் கையில் ஒரு ஊன்றுகோலோடு போகிறார்கள். பேச வேண்டியதை வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்வது, சீக்கிரம் முடித்துவிட வேகவேகமாகப் பேசுவது, யார் கண்ணையும் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசுவது, லிப்டில் ஏறினால் போனை எடுத்து அதிலேயே மூழ்குவது, வெளியே போகும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, எப்போதும் கதவோரம் உட்கார்வது, முடிந்த பிறகு "நான் உளறவில்லையே?" என்று நாலு பேரிடம் கேட்பது. இவை எல்லாமே ஊன்றுகோல்.

நல்லபடியாக முடிந்தாலும் புகழ் ஊன்றுகோலுக்குப் போய்விடும் என்பதுதான் சிக்கல். "மனப்பாடம் செய்திருந்ததால் பிழைத்தேன், இல்லையென்றால் அவ்வளவுதான்" என்று மூளை எழுதிக்கொள்ளும். சில ஊன்றுகோல்கள் பயந்ததையே வரவழைக்கும். கை நடுங்குவது தெரியக்கூடாது என்று டம்ளரை இறுக்கிப் பிடித்தால் தசை விறைத்து நடுக்கம் கூடும். முகம் தெரியக்கூடாது என்று குனிந்து பேசினால் குரல் கேட்காமல் எல்லோரும் உங்களை உற்றுப் பார்ப்பார்கள்.

கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. "இதை இன்றைக்குச் செய்யக்கூடாது" என்று யாராவது சொன்னால் பயத்தின் அளவு ஏறுமா? ஏறினால் அது ஊன்றுகோல், ஏறாவிட்டால் வெறும் பழக்கம். தாகத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவருக்குப் பாட்டிலை மறந்தாலும் ஒன்றும் ஆகாது. மயங்கி விழுந்துவிடுவோமோ என்று எடுத்துப் போகிறவர் பாதி வழியில் திரும்பி வருவார்.

எல்லாவற்றையும் முதல் நாளே தூக்கி எறிய வேண்டாம். கீழ்ப்படிகளில் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு படியை ஊன்றுகோல் இல்லாமல் ஒரு முறையாவது செய்யும் வரை அந்தப் படி முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

படியில் நிற்கும்போது

போவதற்கு முன் இரண்டு நிமிடம் நோட்டில் எழுதுங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அது நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள், எந்த ஊன்றுகோலை விடப்போகிறீர்கள். முடித்து வந்ததும் மூன்று வரி: நடந்தது என்ன, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம், அடுத்து என்ன. ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"படி 5. எதிர்பார்ப்பு: 'புரியவில்லை' என்றால் இரண்டு பேராவது சலித்துக்கொள்வார்கள், 80%. விடுவது: 'மன்னிக்கணும், தப்பா நினைக்காதீங்க' என்று ஆரம்பிப்பது. நடந்தது: குரல் நடுங்கியது. பேசிக்கொண்டிருந்தவர் இன்னொரு முறை சொன்னார். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எதிரில் இருந்தவர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார், அவருக்கும் புரியாமல் இருந்திருக்கலாம். உச்சம் 70, முடிவில் 50. அடுத்து: வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதையே மீண்டும்."

முடிவில் 50 என்று இருப்பதைக் கவனியுங்கள். பயம் முழுதாக இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது பழைய விதி. மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்களின் வேலைக்குப் பிறகு கவனம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. பயம் எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எதிர்பார்த்தது பொய்த்துப்போனதை மூளை எவ்வளவு தெளிவாகப் பார்த்தது என்பதுதான் முக்கியம். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் "இங்கே ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது, போகப் போக அது முந்திக்கொள்ளும். ஆகவே எதிர்பார்ப்பு சோதிக்கப்படும் வரை நில்லுங்கள். "பத்து நிமிடத்துக்கு மேல் லிப்டில் இருந்தால் மூச்சு முட்டும்" என்று எழுதியிருந்தால், ஐந்து நிமிடத்தில் வெளியே வருவது எதையும் சோதிக்காது. பதினைந்து நிமிடம் மேலும் கீழும் போய்வர வேண்டும்.

உடம்பில் நடப்பது தெரிந்திருந்தால் நிற்பது சுலபம். பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் விரல் நுனி சில்லிடுகிறது. செரிமானம் தற்காலிகமாக ஒதுக்கப்படுவதால் வாய் உலர்ந்து வயிறு பிசைகிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், உதட்டிலும் விரல்களிலும் ஊசி குத்துவதுபோல இருக்கும். ஒவ்வொன்றும் விரும்பத்தகாதது, ஆனால் எல்லாமே உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளம். திடீர்ப் பீதியின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்து, பிறகு தானே இறங்கத் தொடங்கும்.

அந்த நேரத்தில் "பயப்படாதே, பயப்படாதே" என்று சொல்லிக்கொள்வது நேர்மாறான பலனைத்தான் தரும், ஏனென்றால் பயம் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். "பயமாக இருக்கிறது, 70 இருக்கும், இருக்கட்டும்" என்று பெயர் சொல்லிவிட்டுக் கவனத்தை வெளியே திருப்புங்கள். மக்கள் முன் பேசும் பயத்தில் இது இரட்டிப்பு முக்கியம். தன் முகம் எப்படி இருக்கும், குரல் எப்படிக் கேட்கும் என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவர் எதிரில் இருப்பவர் தலையாட்டுவதைப் பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேர் போனைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூச்சுப் பயிற்சி? மெதுவாக மூச்சு விடுவதில் தவறில்லை. ஆனால் "மூச்சைப் பிடித்துச் சமாளித்ததால்தான் தப்பித்தேன்" என்று ஆகிவிட்டால் அதுவும் ஊன்றுகோல்தான். வீட்டில் பழகுங்கள், படியில் நிற்கும்போது அதை நம்பி நிற்காதீர்கள்.

வாரத்துக்கு நான்கைந்து முறை வேண்டும். ஒரு முறை செய்துவிட்டு இரண்டு வாரம் விட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதுபோல இருக்கும். போன் பேசுவது போன்ற சின்னப் பயங்கள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் ஒரே அமர்வில் பத்து அழைப்பு செய்யுங்கள். முதல் மூன்று அழைப்பில் கை வியர்க்கும். ஏழெட்டு ஆகும்போது பலருக்கும் அலுப்பு தட்டத் தொடங்கும், அந்த அலுப்பு நல்ல அறிகுறி. அதே படியை வேறு நேரத்தில், வேறு இடத்தில், வேறு ஆட்களோடும் செய்யுங்கள். ஒரே அறையில் கற்ற தைரியம் சில சமயம் அந்த அறையோடு நின்றுவிடும்.

உச்சத்தில் தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டீர்களா? எல்லாம் கெட்டுவிடவில்லை. ஐந்து பத்து நிமிடம் கழித்து, முடிந்தால் அன்றைக்கே, அதே படிக்கோ ஒரு படி கீழேயோ திரும்பப் போங்கள். வெளியே வந்ததோடு நாளை முடித்துவிட்டால் மூளை கடைசியாகப் பார்த்தது தப்பித்தலாகிவிடும்.

ஊசி, ரத்தம்: இங்கே முறை வேறு

மற்றப் பயங்களில் மயங்கி விழுவோமோ என்று தோன்றுமே தவிர, ரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் உண்மையில் மயங்குவது அரிது. ரத்தம், காயம், ஊசி மீதான பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழும். ஆகவே நிஜமாகவே மயக்கம் வரும். "உடம்பைத் தளர்த்துங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கே நிலைமையை மோசமாக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது.

உட்கார்ந்துகொண்டு கை, தொடை, வயிற்றுத் தசைகளை முறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, 10 முதல் 15 நொடி அப்படியே பிடியுங்கள். பிறகு விடுங்கள், ஆனால் தொளதொளவென்று தளர்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு மட்டும் வாருங்கள். 20 முதல் 30 நொடி இடைவெளி. இப்படி ஐந்து முறை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒரு வாரம் பழகுங்கள். அதன் பிறகு ஏணி: ஊசியின் படம், காணொளி, கையில் ஒரு சிரிஞ்ச், மற்றவர் ஊசி போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. ஊசி போடும் கையை மட்டும் தளர்த்தி வைத்துக்கொண்டு மற்ற தசைகளை முறுக்க வேண்டும். போடுபவரிடம் "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டு போட்டுக்கொள்கிறேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபிறகே தசை முறுக்கிப் பழக வேண்டும்.

போய் நிற்க ஓர் இடமில்லாத பயங்கள்

லிப்டுக்குப் போய் நிற்கலாம், தோல்விக்கு எங்கே போய் நிற்பது? இந்த வகைப் பயம்தான் வாழ்க்கையை அதிகம் முடக்குகிறது, ஏனென்றால் விலகுவது விலகல்போலவே தெரியாது. "இன்னும் கொஞ்சம் தயாராகிக்கொள்கிறேன்" என்பது பொறுப்பான பேச்சாகக் கேட்கும். விண்ணப்பத்தைப் பத்தாவது முறை திருத்துவது உழைப்பாகத் தெரியும்.

இங்கே பயத்தைச் செயலாக மாற்ற வேண்டும். நிராகரிப்புப் பயம் என்றால், மறுக்கப்பட நல்ல வாய்ப்புள்ள சின்னச் சின்னக் கோரிக்கைகளைக் கேளுங்கள்: தள்ளுபடி உண்டா, இருக்கை மாற்றித் தர முடியுமா, கெடுவை இரண்டு நாள் நீட்டிக்க முடியுமா. கணக்கு வைக்க வேண்டியது எத்தனை "சரி" வந்தது என்று அல்ல, வாரத்துக்கு எத்தனை முறை கேட்டீர்கள் என்று. பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்ற பதிலுக்குப் பிறகு அந்த உரையாடல் எத்தனை நொடியில் சகஜமானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் என்றால், யாருக்கும் இழப்பு வராத இடத்தில் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். நண்பருக்கு ஓர் எழுத்துப்பிழையோடு மின்னஞ்சல் அனுப்பலாம். ஒரு முறை மட்டும் படித்துப் பார்த்து அனுப்பலாம். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் வழி கேட்கலாம். முடிவெடுக்கும் பயம் என்றால் சின்ன முடிவுகளுக்கு நேரக்கெடு வையுங்கள், எதைச் சாப்பிடுவது என்பதற்கு 30 நொடி, எந்தப் புத்தகம் என்பதற்கு 2 நிமிடம். எடுத்த முடிவைப் பற்றி யாரிடமும் கருத்துக் கேட்கக்கூடாது. பெரிய முடிவுகளுக்குச் சோதனை அளவில் ஒரு படி இருக்கும். வேலையை விடுவதற்கு முன் விரும்பும் துறையில் இருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது ஒரு படி, இரண்டு வார இறுதிகளில் அந்த வேலையைச் செய்து பார்ப்பது அடுத்த படி.

படபடப்பையே கண்டு பயப்படுபவர்களும் உண்டு. இதயம் வேகமாகத் துடித்தாலே மாரடைப்போ என்று பதறுவார்கள். மருத்துவரிடம் ஒரு முறை முழுமையாகப் பரிசோதித்துக்கொண்ட பிறகு, அந்த உணர்வுகளையே வரவழைத்துப் பழகலாம். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது படபடப்பைத் தரும், சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது கிறுகிறுப்பைத் தரும். இதயம், ஆஸ்துமா, வலிப்பு பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

எங்கே கெட்டுப்போகிறது

பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ முடித்துவிடுவது முதல் தவறு. கண்ணை மூடிக்கொண்டு கடந்தால் மூளை எதையும் பார்ப்பதில்லை. அதே படியை மெதுவாக, சுற்றிலும் பார்த்தபடி மறுபடி செய்யுங்கள்.

தைரியத்துக்குக் கொஞ்சம் குடித்துவிட்டுப் போவது இன்னொன்று. போதையில் கற்றது தெளிந்த பிறகு கைக்கு வருவது சந்தேகம்தான், தைரியத்துக்கான புகழும் போதைக்கே போகும். சில பதற்றத் தணிப்பு மாத்திரைகளும் இந்தப் பயிற்சியின் பலனைக் குறைக்கக்கூடும். அதற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்திவிடக்கூடாது. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அவரிடமே பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் அன்பினாலேயே தடையாவதும் உண்டு. "நீ இரு, நான் பேசிக்கொள்கிறேன்" என்று போனை வாங்கிப் பேசிவிடுவார்கள். அவர்களிடம் ஏணியைக் காட்டுங்கள். எனக்காகச் செய்ய வேண்டாம், ஒன்றும் ஆகாது என்று ஆறுதலும் சொல்ல வேண்டாம், "இன்றைக்கு எந்தப் படி?" என்று மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். பயப்படுபவரைத் திடீரென்று தள்ளிவிடுவதும் கூடாது. நீச்சல் தெரியாதவரைக் குளத்தில் தள்ளினால் அவர் கற்பது நீச்சலை அல்ல, தள்ளியவரை நம்பக்கூடாது என்பதைத்தான்.

சில சமயம் எதிர்பார்த்தது நடந்தே விடும். யாரோ ஒருவர் சிரித்துவிடுவார். நோட்டில் அதையும் உள்ளபடி எழுதுங்கள், பிறகு ஒரு கேள்வியைச் சேருங்கள்: நடந்தது, அதை நான் எப்படிச் சமாளித்தேன்? சிரித்த பிறகும் பேச்சை முடித்தீர்கள் என்றால் அதுவும் பதிவாக வேண்டிய பாடம். மூன்று முறை முயன்றும் ஒரு படி நகரவில்லையென்றால் உங்கள் மனவலிமையைக் குறை சொல்லாதீர்கள். படி பெரிதாக இருக்கிறது அல்லது கண்ணில் படாத ஊன்றுகோல் ஒன்று இருக்கிறது.

ஆறேழு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லை, அல்லது தூக்கமும் வேலையும் கெடுகின்றன என்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (CBT, எண்ணங்களையும் செயல்களையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை) பயிற்சி பெற்ற உளவியலாளரைத் தேடுங்கள். "நீங்கள் என்னோடு சேர்ந்து பயமான சூழ்நிலைகளை நேரடியாகச் செய்ய வைப்பீர்களா, அல்லது பேச்சு மட்டும்தானா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். நாய், சிலந்தி, உயரம் போன்ற குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்துக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் முடிக்கும் சிகிச்சை முறைகூட உண்டு.

பயம் திரும்பி வரும்போது

குறைந்த பயம் சில மாதம் கழித்துத் தலைகாட்டுவது இயல்பு. பழகி மறைந்த எதிர்வினை இடைவெளிக்குப் பிறகு தானாக மீண்டும் தோன்றும் என்பதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நாய்களிடமே கவனித்திருக்கிறார். புதிய ஊர், புதிய வேலை, தூக்கமில்லாத வாரம், உடம்பு சரியில்லாத சமயம் ஆகியவற்றில் இது அதிகம். "எல்லாம் வீண்" என்று அப்போது முடிவு கட்டிவிடாதீர்கள். நோட்டை எடுத்து, கடைசியாக எட்டிய படிக்கு இரண்டு படி கீழேயிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் முதல் முறையைவிட வேகமாக ஏறிவிடலாம். இதற்குக் காத்திருக்காமல், ஏணி முடிந்த பிறகும் மாதம் ஒரு முறை மேல்படிகளில் ஒன்றைச் செய்து தேதியோடு குறித்து வாருங்கள்.